சாமான் பட்டியலில் இரண்டு ஆள்

காளை ஒரு ஜோடி, கலப்பை ஒன்று, மண்வெட்டி ஒன்று, விதைநெல் ஒரு மூட்டை, ஆள் இரண்டு.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து உண்டாக்கிய ஒரு விளையாட்டில், உழவன் என்கிற பாத்திரம் இந்தச் சாமான்களோடுதான் கதைக்குள் நுழைவான் என்று எழுதியிருந்தது. எழுதியவன் என் நண்பன். அவனைக் கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொன்னதில்லை. மண்வெட்டிக்கும் மூட்டைக்கும் கீழே ஆளை எழுதியபோது அவன் பேனா ஒரு நொடிகூட நின்றிருக்காது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். வேண்டுமென்றே எழுதியிருந்தால் அன்றைக்கே ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன்.

அப்போது தஞ்சாவூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். ஒரு தேர்தலில் ஒரு சின்னம் ஜெயிக்கும், அடுத்த தேர்தலில் மற்றது ஜெயிக்கும், எது ஜெயித்தாலும் வீட்டுக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்து சேரும் என்றிருந்த வருடங்கள் அவை. எங்களுக்குள் ஊர்ப்பெயரை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். பூதலூர், வேளாங்கண்ணி, நான் கீழ்வேளூர். பூதலூரின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே பல முகங்கள் கொண்ட பகடைகளும் ஒரு தடித்த புத்தகமும் இருந்தன. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் தலைக்கு ஒரு பாத்திரமாகி, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடுகிறேன்" என்று சொல்லிச் சொல்லி விளையாட வேண்டும். முடியுமா முடியாதா என்று தெரியாத இடத்தில் பகடை முடிவு சொல்லும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் புத்தகம் முழுக்கப் பனிமலையும் குள்ளர்களும். பனியைப் பார்த்தே இராத நாங்கள் எதற்குக் குளிரில் நடுங்க வேண்டும்? ஆறும் மதகும் முதலையும் முனியும் உள்ள ஒரு நாட்டை நாங்களே உண்டாக்கினோம். அந்த நாட்டில் ஆறு வராமல் நின்றுபோயிருக்கும், யாரோ மேலே மதகை அடைத்திருப்பார்கள், அதைத் திறக்க ஒரு கூட்டம் கிளம்பும்.

கிளம்புகிறவர்கள் யார் என்பதுதான் பெரிய வேலை. ஒவ்வொரு வகைப் பாத்திரத்தையும் வேஷம் என்று சொன்னோம். ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு பலம், ஒரு பயம், மீறக்கூடாத ஒரு சத்தியம், எண்ணி வைத்த சில உயிர்கள், கூடவே சாமான்கள். கதையை நடத்துவது வேளாங்கண்ணியின் பொறுப்பு, அதனால் சட்டமும் அவன்தான் சொன்னான்: மற்ற எந்த வேஷத்தாலும் முடியாத ஒன்றை இந்த வேஷம் செய்ய வேண்டும், அதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் அது வேஷமே இல்லை. அவனே உண்டாக்கியது வேண்டுதல்காரன். எங்கெங்கிருந்தோ மாதா கோயிலுக்கு நடந்தே வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் அல்லவா, காலில் கொப்புளம் ஏற ஏற வேண்டுதல்காரனின் பலம் கூடும் என்று வைத்தான். நான் உண்டாக்கிய படகோட்டி தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே ஆழம் சொல்லுவான், ஆனால் அக்கரையிலிருந்து எதிரியே கூப்பிட்டாலும் போயாக வேண்டும். மந்திரக்காரியும் கூத்தாடியும் என்னுடையவர்கள். எல்லா வேஷங்களுக்கும் படம் வரைந்ததும் நான்தான். அந்த நாட்களில் எனக்கு அதைவிடச் சந்தோஷமான வேலை வேறு இருக்கவில்லை.

உழவனை மட்டும் பூதலூர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. "எங்க வீடு விவசாயி வீடுப்பா, எனக்குத்தான் தெரியும்" என்றான். அவன் அப்பா வயலை ரோட்டில் நிறுத்திய மோட்டார் சைக்கிளிலிருந்து பார்ப்பவர். அவனோ அப்படிக்கூடப் பார்க்காதவன். எங்கள் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர் விவசாயி, அதில் இறங்குகிறவர் ஆள். "ஆள் விட்டாச்சா", "ஆள் வரல", "நாலு ஆள் கூடப் போடு" என்றுதான் பேச்சு. என் அம்மா நட்ட வயலையெல்லாம் சேர்த்தால் ஒரு ஊர் சாப்பிடும். அவளை விவசாயி என்று ஒருவரும் சொன்னதில்லை, அவளும் சொல்லிக்கொண்டதில்லை.

அப்பா ஒரே ஒரு முறை விவசாயி ஆகப் பார்த்தார். நிலமில்லாதவர்களுக்கு நிலம் என்று அரசாங்கம் அறிவித்து, மேடை போட்டு, மாலை மரியாதையோடு அவர் கையிலும் ஒரு பட்டா கொடுத்தார்கள். பட்டா அப்பாவிடம் இருந்தது, நிலம் ஒரு மிராசுதாரிடம் இருந்தது. அளக்கப் போன சர்வேயர் மிராசுதார் வீட்டில் காப்பி குடித்துவிட்டு, சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அப்புறம் தாலுகா ஆபீசில் வருடா வருடம் மனு வாங்கும் ஜமாபந்திக்கெல்லாம் அப்பா சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு மனுவோடு நின்றார். இந்த வீட்டுப் பெண்ணான நான்தான் கேன்டீன் மேஜையில் உழவனின் சாமான் பட்டியலைப் படித்தேன்.

"ஆள் ரெண்டுன்னா என்ன?" என்று கேட்டேன்.

"வயல் வேலைக்கு. ஆளு இல்லாம உழவன் என்ன பண்ணுவான்?" என்றான் பூதலூர்.

"அவங்க விளையாட்டுல என்ன செய்வாங்க?"

"உழவன் சொல்றதச் செய்வாங்க. தனியா பகடை உருட்ட வேண்டாம்."

எங்கள் விளையாட்டில் ஒவ்வொரு சாமானுக்கும் எடை உண்டு, தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமே. மண்வெட்டிக்கு ஒன்று, மூட்டைக்கு மூன்று என்று போட்டிருந்தான். ஆளுக்கு நேரே பூஜ்யம். ஏன் என்று கேட்டதற்கு, "ஆளு நடந்து வந்துடும்ல" என்றான். கீழே சாமான்களுக்கான பொது விதி ஒன்றும் இருந்தது: தொலைந்தாலோ உடைந்தாலோ அடுத்த ஊரில் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். அந்த வரியின் மேல் விரலை வைத்து, "இது ஆளுக்கும் சேத்துதானா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பது அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆளைச் சாமானிலிருந்து எடு, வேஷமாகப் போடு என்றேன். "அதுக்கு என்ன பவர் இருக்கு? யாரு எடுப்பா அத?" என்று கேட்டான். அடிக்க வேண்டும் போல இருந்தது. வேளாங்கண்ணி நடுவில் புகுந்தான். "நீ எழுதிக் கொண்டா. பொங்கல் லீவுல பூதலூர் வீட்ல விளையாடிப் பாத்துருவோம். நின்னுச்சுன்னா வேஷம், நிக்கலன்னா சாமான்லயே இருக்கட்டும்" என்றான். விளையாட்டைப் புத்தகமாகப் போட்டுக் கல்லூரி விழாவில் விற்பதற்காகத் தஞ்சாவூரில் ஒரு அச்சகத்தில் பேசி வைத்திருந்தோம். பொங்கல் முடிந்ததும் புத்தகம் அச்சுக்குப் போகும். ஆள் எந்தப் பக்கத்தில் அச்சாகும் என்பது அந்த ஒரு ஆட்டத்தில் முடிவாகும் என்று ஆயிற்று.

ஊருக்குப் போய் உட்கார்ந்து எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்தாள், என்ன என்று கேட்டாள், சொன்னேன். பாராட்டுவாள் என்று நினைத்தேனா என்னவோ.

"விளையாட்டுல என்னவா வேணா இருக்கலாமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"மந்திரக்காரியாக்கூட?"

"ஆமா."

"அப்பறம் எதுக்குடி அதுலயும் போயி ஆளா நிக்கற? உன்னைப் படிக்க வச்சது இதுக்கா? போ, அந்த மந்திரக்காரிய எடு" என்று தாளைப் பிடுங்கப் போனாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. அவள் சொன்னதில் நியாயம் இருந்ததால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. அன்றைக்கு அவளோடு பேசாமலே சாப்பிட்டேன்.

ஆளுக்கு என்ன பலம் என்று நான் தேடித் திரிய வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் நடவு வயலுக்குச் சோறு கொண்டுபோனபோதெல்லாம் பார்த்ததுதான். பெண்கள் வரிசையாக நின்று நடுவார்கள். அவர்களில் ஒருத்தியை மிராசுதாரோ அவருடைய காரியக்காரரோ நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிட்டால், அவள் கையிலிருக்கும் நாற்றை அப்படியே போட்டுவிட்டு வரப்பில் ஏறிவிடுவாள். அவள் ஏறினால் வரிசை முழுக்க ஏறும். கூச்சல் கிடையாது, வெற்றிலையைப் பிரித்துக்கொண்டு நிற்பார்கள். பிடுங்கி வைத்த நாற்று வெயிலில் வதங்கிக்கொண்டிருக்கும். பேசியவர் தானே வரப்புக்கு வந்து, தன் வாயால் தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொன்னால்தான் இறங்குவார்கள். வேறு யாரையாவது அனுப்பிச் சமாதானம் சொன்னால் செல்லாது. இது எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அதையே எழுதினேன். ஆள், பலம்: வரப்பேறுதல். ஒருத்தி ஏறினால் அந்தக் கதையிலுள்ள எல்லா ஆட்களும் ஏறுவார்கள். அவர்கள் சுமந்துவந்த எதையும் யாரும் தொட முடியாது, நாற்றும் விதையும் சுற்றுக்குச் சுற்று வீணாகும். விலை: வரப்பில் நிற்கிறவரை கூலி இல்லை, அடுப்பு எரியாது, ஒவ்வொரு சுற்றுக்கும் உயிர் ஒன்று குறையும். பயம்: நாளைக்கு வேலை உண்டா. சாமான்: ஒரு அரிவாள், ஒரு தூக்குவாளி. சத்தியம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் இருப்பவர்களிடம் கைநாட்டு கேட்டிருக்கிறார்கள், சத்தியம் யாரும் கேட்டதில்லை. வேளாங்கண்ணி படித்துப் பார்த்துவிட்டு, "பலமும் இருக்கு, விலையும் இருக்கு. சரியான வேஷம்" என்றான்.

பூதலூர் வீட்டு மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஜன்னல் வழியாக அறுவடை மெஷின் வயலில் ஓடுவது தெரிந்தது. உழவனாகப் பூதலூர், மந்திரக்காரியாகப் பள்ளிக்கூடம் முடிக்கப் போகும் அவன் தங்கை, ஆளாக நான். உழவன் பட்டியலிலிருந்த இரண்டு ஆட்களில் ஒருத்தி நான், இன்னொருத்திக்காக வேளாங்கண்ணியே பேசுவான். பூதலூரின் அப்பா என்ன விளையாட்டு என்று பார்க்க மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "வாம்மா, சாப்பிட்டியா?" என்று என்னிடம் அன்பாகத்தான் கேட்டார். முந்திரி போட்ட பொங்கல் வந்தது, சாப்பிட்டோம்.

கதை நன்றாகத்தான் போயிற்று, அடைத்த மதகு வரைக்கும். இருட்டான மதகுக்குள்ளே யாராவது இறங்கிப் பார்க்க வேண்டும்.

"ஆளு முதல்ல இறங்கட்டும். முதலை இருந்தா தெரிஞ்சுடும்" என்றான் பூதலூர்.

"வரப்பேறுறேன்" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே, "சரி, ரெண்டாவது ஆளு இறங்கட்டும்" என்றான்.

"அவளும் ஏறிட்டா" என்றான் வேளாங்கண்ணி.

விதி என்ன என்று படித்துக் காட்டியதும் பூதலூருக்குச் சிரிப்பு குறைந்தது. காசு தருகிறேன் என்றான், விதியில் இல்லை. மிரட்டிப் பார்க்கப் பகடை உருட்டுகிறேன் என்றான், இதற்குப் பகடை இல்லை. மந்திரக்காரியை அனுப்புகிறேன், அவள் பேசட்டும் என்றான். "அவங்க பேசினா செல்லாது. உழவன்தான் வரணும்" என்றான் வேளாங்கண்ணி. ஒவ்வொரு சுற்றுக்கும் என் தாளில் ஒரு உயிரை அடித்தேன். பூதலூர் தாளில் ஒரு பங்கு விதையை வேளாங்கண்ணி அடித்தான்.

"அண்ணே, தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. விளையாட்டுதானே" என்றாள் தங்கை.

"விளையாட்டுன்னாலும் ஒரு முறை இருக்குல்ல?" என்றான் அவன். படித்தவன், அண்ணனை அமெரிக்காவில் வைத்திருப்பவன், என்னோடு ஒரே தட்டில் பஜ்ஜி தின்றவன் பேசிய பேச்சு இது. எந்த முறை என்று நான் கேட்டிருக்கலாம். கேட்காமல் என் தாளில் இன்னொரு உயிரை அடித்தேன்.

நாற்காலியிலிருந்து அவன் அப்பா சொன்னார், "எத்தனை நாளைக்கு நிப்பா? பசிச்சா தானா இறங்கிடுவா. நீ பேசாம இரு." குரலில் கோபம் ஒன்றும் இல்லை. மழை வருமா வராதா என்று சொல்வதுபோல, அனுபவத்தில் தெரிந்த ஒன்றை மகனுக்குச் சொன்னார். மகனும் அப்படியே செய்தான். "காத்திருக்கேன்" என்றான். அடுத்த சுற்றிலும் "காத்திருக்கேன்" என்றான். தங்கை தன் மந்திரத்தைச் செலவழித்து எனக்கு ஒரு வேளைச் சோறு வரவழைத்தாள். அவன் அவளை முறைத்தான்.

இறங்கியிருக்கலாம் என்று பிற்பாடு சிலர் என்னிடம் சொன்னார்கள். ஒரு தாளில் பென்சிலால் போட்ட பெண்தானே. நான் இறங்கவில்லை. கடைசி உயிரையும் அடித்துவிட்டு, "செத்துட்டா" என்றேன்.

பூதலூர் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப சாமானையெல்லாம் எடுத்துக்கலாம்ல? அடுத்த ஊர்ல வேற ஆளு எடுத்துக்கறேன்" என்றான்.

வேளாங்கண்ணி பகடையைக் கீழே வைத்தான். "எந்த ஊருல? விதை போச்சு, நாத்து போச்சு, தண்ணியும் வரல. கதை முடிஞ்சுது" என்றான். ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பதற்காகப் பூதலூர் ஒரு நாட்டையே காயவிட்டிருந்தான். தங்கை என் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை இதை நான் எடுத்துக்கறேன்" என்றாள்.

நாங்கள் கிளம்பும்போது பூதலூரின் அப்பா வாசல் வரை வந்தார். இரண்டு கரும்பை ஒடித்து என் கையில் கொடுத்து, "கீழ்வேளூர் பக்கம்னியே, யார் வீட்டு ஆளு நீங்க?" என்று கேட்டார். நான் அம்மாவின் பெயரைச் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "அந்தப் பேர்ல ஒரு மிராசு அந்தப் பக்கம் இருக்கறதாத் தெரியலையே" என்றார்.

"மிராசு இல்லீங்க. எங்கம்மா" என்றேன்.

அப்போதும் அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. ஸ்டேஷனுக்கு நடக்கும் வழியில் கரும்பை வேளாங்கண்ணியிடம் கொடுத்துவிட்டேன்.

அச்சுக்குப் போகிற நேரத்தில் வேளாங்கண்ணி புரூஃபைத் தூக்கிக்கொண்டு என் விடுதி வாசலுக்கு வந்தான். உழவனின் பட்டியலில் 'ஆள் இரண்டு' இல்லை. 'உதவியாளர் இருவர்' என்று மாறியிருந்தது, அதே இடத்தில், மூட்டைக்குக் கீழே, எடை பூஜ்யத்தோடு. கடைசிப் பக்கத்தில் ஆள் வேஷமும் இருந்தது. அரிவாள் இருந்தது, தூக்குவாளி இருந்தது, பயம்கூட இருந்தது. பலம் என்ற இடத்தில் 'களைப்பின்றி உழைக்கும்' என்று போட்டிருந்தார்கள்.

"வரப்பேறுதல் எங்கே?"

"அது இருந்தா விளையாட்டு நகர மாட்டேங்குதுன்னு அவன் சொல்றான். ஆனா வேஷமாப் போட்டாச்சுல்ல? நீ கேட்டது அதுதானே?" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அன்னைக்கு நடந்ததுக்கு அவனுக்கு வருத்தம்தான். சொல்லச் சொன்னான்" என்றான்.

"சொல்லச் சொன்னானா? அவனுக்கு வாய் இல்லையா?"

வேளாங்கண்ணி மேல் எனக்குக் கோபம் இல்லை, பாவமாகத்தான் இருந்தது. களைப்பின்றி உழைக்கும் என்ற வரியை மட்டும் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. அம்மா வேலை முடிந்து வந்து சுவரில் சாய்ந்தால் அவளுடைய இடுப்பை நிமிர்த்த இரண்டு பேர் வேண்டும். என் வேஷங்களையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மந்திரக்காரி, கூத்தாடி, படகோட்டி, ஆள், அப்புறம் மற்ற வேஷங்களுக்கு நான் வரைந்த படங்கள் எல்லாம். அவனும் தடுக்கவில்லை. மிச்சமிருந்தது உழவனும் வேண்டுதல்காரனும்தான், படம்கூட இல்லாமல். புத்தகம் வரவில்லை.

இப்போது நான் தஞ்சாவூரிலேயே வேலையில் இருக்கிறேன். பூதலூர் அண்ணனிருக்கும் நாட்டுக்கே போய்விட்டான். போன மாதம் வேளாங்கண்ணி போன் செய்தான். பூதலூர் அந்த விளையாட்டைப் பெட்டியாகவே கொண்டுவரப் போகிறானாம், நம் ஊர்க் கதைக்கு அங்கே இப்போது நல்ல மதிப்பாம். நான் எழுதியது எதையும் மாற்ற மாட்டானாம். வரப்பேறுதலும் இருக்குமாம், அதுதான் இந்த விளையாட்டிலேயே சிறந்த விதி என்று அவனே எல்லோரிடமும் சொல்கிறானாம். என் சம்மதம் ஒன்றுதான் பாக்கியாம்.

"அவன்கிட்ட என் நம்பர் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு. நான்தான் முன்னாடியே குடுத்தேன்."

"அப்பறம்?"

வேளாங்கண்ணி சொன்னான், "முதல்ல நீ பேசிப் பாருன்னு என்னை அனுப்பினான்."

போனை வைத்துவிட்டேன்.